ஒரு நொடி ரோஸ்

ஏப்ரல் 9, வியாழன்

எங்கேயாவது கத்த வேண்டும். இங்கே கத்தினால் வேலை போய்விடும். அதனால் நோட்டு வாங்கினேன்.

இந்தக் குடியிருப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு நீச்சல்குளம். குளத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் உரிமை உண்டு. தினமும் அதைச் சுத்தம் செய்கிற திருமூர்த்திக்கு மட்டும் கிடையாது. நான் பராமரிப்புக் கம்பெனியின் மேற்பார்வையாளர். வேதியியல் படித்தவள் என்பதால் குளமும் என் தலையில். ஆறு மாதம் ஆகிறது. இன்னும் நானும் வேலையாட்கள் லிப்டில்தான் ஏற வேண்டும்.

இன்று காலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோகுலகிருஷ்ணன் குளத்தருகே வந்தார். திருமூர்த்தி வழக்கம்போலச் சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து ஐந்து சொட்டு விட்டு, மஞ்சள் எவ்வளவு ஏறுகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வெளிறினால் குளோரின் குறைவு, அடர்ந்தால் அதிகம். பெட்டியில் வரிசையாக நிறங்கள் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்தப் பெட்டி கம்பெனி கொடுத்ததில்லை. திருச்சி ரோட்டு ஹோட்டலில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவரே வைத்திருப்பது.

செயலாளர் என்னிடம்தான் பேசினார். "மலேசியால ஹோட்டல்ல எல்லாம் டிஜிட்டல்ல நம்பர் பாக்கறாங்க. இவன் என்னடான்னா டெஸ்டுக்கு மூத்திரம் புடிச்ச மாதிரி மஞ்சத் தண்ணிய வெச்சுட்டு நிக்கறான். பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

திருமூர்த்தி ஒன்றரை அடி தூரத்தில் நின்றார். குழாயைக் கவிழ்த்து அலசிவிட்டு, மூடியைத் திருகினார்.

டிஜிட்டல் கருவி ஒன்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு.

ஏப்ரல் 10, வெள்ளி

மூன்று வகை இருக்கின்றன. பாதி நாள் இதிலேயே போனது. ஆறு மாதத்தில் முதல் முறையாகப் படித்த படிப்புக்கு ஒரு வேலை.

முதல் வகை பேனா. தண்ணீரில் முக்கினால் எண் வரும். அமிலமா காரமா என்று சொல்லும், எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று சொல்லும். குளோரினைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முனையை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும், வாரம் ஒருமுறை அதற்கென்று உள்ள திரவத்தில் முக்கிச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, காகிதப் பட்டையை நனைத்து போன் கேமராவில் காட்டுவது. நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று சொல்லும். மூன்றாவது போட்டோமீட்டர். கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை எடுத்து மாத்திரை போட்டால் குளோரினுக்குத் தகுந்தபடி ரோஸ் நிறம் வரும். அந்த நிறத்தின் வழியாக விளக்கு அடித்து, எவ்வளவு என்று கருவியே அளந்து எண்ணாகச் சொல்லும். கண்ணுக்கு வேலை இல்லை. மாத்திரை தீரத் தீர வாங்க வேண்டும்.

செயலாளருக்குப் பேனாதான் பிடித்தது. "டீசன்டா இருக்குதே, மோகனா. பாக்கெட்ல சொருகிக்கலாம்."

"காய்ச்சல் பாக்க எடை மெஷின்ல ஏத்தி நிறுத்தற மாதிரிங்க சார் அது," என்றேன். சிரித்தார். போட்டோமீட்டருக்குச் சம்மதித்தார். அதில் இரண்டு மாடல்: ஐந்து வரை அளப்பது, பத்து வரை அளப்பது. குளத்தில் இருக்க வேண்டியது லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம். மூன்றைத் தாண்டி எங்கே போகப் போகிறது? ஐந்து வரை அளப்பதையே எடுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 13, திங்கள்

கருவி வந்தது. உள்ளங்கை அகலம், நீல நிறம். கூடவே பன்னிரண்டு பக்கக் குறிப்பு, எறும்பு எழுத்தில். நான்கு பக்கம் படித்தேன். மிச்சமெல்லாம் எச்சரிக்கைகள். மிக்சிக்கும் போடுகிறார்கள், இதற்கும் போடுகிறார்கள்.

திருமூர்த்தியையும் வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். மேல்தண்ணீரை எடுக்கக் கூடாது. முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் குழாய்க்குத் தள்ளி எடுக்க வேண்டும். குப்பியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கோடு வரை நிரப்பி, வெளியே துணியால் துடைக்க வேண்டும். விரல் ரேகை இருந்தால்கூட வெளிச்சம் மாறும். முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியப் பொத்தான். பிறகு மாத்திரையைக் கை படாமல் போட்டு, குச்சியால் நசுக்கி, கலக்கி, உடனே அளவுப் பொத்தான்.

1.20.

திருமூர்த்தி தன் பெட்டியிலும் சொட்டு விட்டுப் பார்த்தார். "ஒண்ணு, ஒண்ணேகாலுங்க. ரண்டும் ஒண்ணாத்தான் சொல்லுது." அவருக்கு முப்பத்து நாலு வயது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், என்னை மேடம் என்கிறார். நான் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தபோது, கம்பெனி மேனேஜர் தனியாக அழைத்து அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது என்றார். இப்போது ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இனி தினமும் காலை ஏழு மணிக்குள் அளவை வாட்சாப் குழுவில் போட வேண்டும். எல்லா வீடும் இருக்கிற குழு. முதல் நாளே நாற்பது கைதட்டல்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. விடுமுறை. தண்ணீரை விட ஆள் அதிகம்.

ஏப்ரல் 15, புதன்

0.31. நேற்றைய கூட்டம் தின்றுவிட்டது. ஒரு நாள் குளத்தை மூடி, மாலையில் மூன்று மடங்கு குளோரின் பவுடர் போட்டு, மறுநாள் அளந்துவிட்டுத் திறப்பதுதான் முறை. மூடக் கேட்டேன். கோடை நீச்சல் வகுப்பு நடக்கிறது, மூடினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்றார் செயலாளர். பவுடரை மட்டும் போடச் சொன்னார். திருமூர்த்தி மூன்று கிலோவை வாளியில் கரைத்து, ஓரமாக நடந்துகொண்டே ஊற்றினார். முகத்தில் துண்டு. முகக்கவசம் கேட்டு பிப்ரவரியில் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

0.00.

நம்ப முடியவில்லை. மூன்று கிலோ எங்கே போனது? மறுபடியும் அளந்தேன். 0.00.

பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த திருமூர்த்தி சொன்னார்: "ஏனுங் மேடம், மாத்திரையப் போட்ட ஒடனே ஒரு செகண்டு ரோஸ் வந்துதுங்க. அப்பறம் போயிருச்சுங்க."

"வந்துட்டுப் போனா இல்லைன்னுதானே அர்த்தம்?"

அவர் தன் பெட்டியை எடுத்து வந்தார்; அதில் மஞ்சளே இல்லை, செங்கல் நிறத்தில் ஏதோ வந்திருந்தது. அப்படி ஒரு நிறமே அந்த வரிசையில் கிடையாது. மருந்து கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். குளத்தின் வாசம் மூக்கை அரிக்கிறது, குளோரின் தூக்கலாக இருக்கிறது என்றும் சொன்னார். அது படிக்காதவர்கள் நினைப்பது. குளோரின் குறைந்து, வேர்வையோடும் சிறுநீரோடும் கலந்தால்தான் அந்த நாற்றம் வரும். விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

இரண்டு கருவி இருந்தால் இரண்டு பேச்சு வரும். அந்தப் பழைய பெட்டியை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

மாலை மறுபடியும் இரண்டு கிலோ.

ஏப்ரல் 18, சனி

0.00. இரண்டு கிலோ.

ஏப்ரல் 20, திங்கள்

0.00. குழுவில் தினமும் இந்த எண்ணைப் போட வேண்டியிருக்கிறது. கைதட்டல் நின்றுவிட்டது.

பி பிளாக் ஷர்மிளா மேடம் தன் பையனை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். பையனுக்கு ஏழு வயது இருக்கும். கண் இரண்டும் மிளகாய் அரைத்த மாதிரிச் சிவந்திருந்தது. கிருமி என்றார். குளோரின் பூஜ்ஜியம் இருக்கிற தண்ணீரில் கிருமி வராமல் என்ன வரும் என்று கேட்டார். அம்மாவாகக் கேட்டார், நியாயம். அதற்கு அடுத்துக் கேட்டதுதான் தாங்கவில்லை: "நாங்க எல்லாம் ஷவர் எடுத்துட்டுத்தான் இறங்கறோம். வேற யாரு இறங்கறாங்க?"

மாலைக்குள் குழுவில் அதுவே பேச்சு. மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் வேலையாட்கள் குளிக்கிறார்களாம். அழுக்கு உடம்பு இறங்கினால் குளோரின் தீர்ந்துவிடுமாம். ஒருவர் அறிவியல் கட்டுரையே எழுதிவிட்டார். இவர்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுகிற கை, இவர்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற கை. தண்ணீரில் பட்டால் மட்டும் விஷம்.

ஏப்ரல் 22, புதன்

0.00. ஜெனரேட்டர் டீசல் வந்தது. ஏ பிளாக் லிப்ட் பழுதுபார்க்க ஆள் வந்தார்கள். குளத்துப் படிக்கட்டு வழுக்குகிறது என்று இரண்டு புகார். பாசி கண்ணுக்குத் தெரியவில்லை, வந்துகொண்டிருக்கும். மத்தியானம் காலியாக இருக்கும்போது இறங்கித் தேய்க்க ஏற்பாடு. குப்பை வண்டி வரவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

இவர்களெல்லாம் மனிதர்களா?

கேமராவில் எடுத்த துண்டு ஒன்றை நேற்று இரவு யாரோ குழுவில் போட்டார்கள். புதன்கிழமை மத்தியானம், திருமூர்த்தி மார்பளவு தண்ணீரில். நாற்பது நொடி. இன்று காலை கமிட்டி கூடியது. கமிட்டியில் ஷர்மிளா மேடத்தோடு சேர்த்து ஒன்பது பேர். கிளப் ஹவுஸ் பெரிய திரையில் அதை ஓட்டினார்கள். திருமூர்த்தி நீருக்குள் குனிகிறார், நிமிர்கிறார். படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மாறி மாறித் தேய்த்துக்கொள்கிறார், கழுத்தைத் தேய்க்கிறார். "பாருங்க, சோப்புப் போடாத குறை," என்றார் ஒருவர். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஷர்மிளா மேடம், என் பையன் வாயில் போகிற தண்ணீர் இது என்று அழுதார்.

திருமூர்த்தியைக் கூப்பிட்டார்கள். உள்ளே வரவிடவில்லை. கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து வைத்து, வெளியிலேயே நிறுத்திக் கேட்டார் செயலாளர்.

"நீ இறங்குனயா, இல்லையா?"

"இறங்குனனுங்க."

"அவ்வளவுதான். ஒத்துக்கிட்டான்."

திருமூர்த்தி உள்ளே ஒருமுறை பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எதற்காக இறங்கினாய் என்று ஒருவர் கேட்டிருக்கலாம். பத்துப் பேர் இருந்த அறையில் ஒரே ஒருவர். கேட்கவில்லை. வேலைக்கு இறங்கலாம், குளிக்க இறங்கக் கூடாது. இறங்கியதற்கு எது காரணம் என்பதை, இறங்கியவன் யார் என்பதை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். இன்றோடு வேலை இல்லை. கம்பெனிக்கு செயலாளரே போன் செய்தார். கம்பெனி ஒரு கேள்வி கேட்கவில்லை.

கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 25, சனி

0.00.

அறிவிப்பு ஒட்டினார்கள்: "பணியாளர்கள் நீச்சல்குளத்தைப் பயன்படுத்துவது கண்டறியப்பட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. இனி குளத்தருகே பணியாளர்களின் நடமாட்டம் கண்காணிக்கப்படும்." தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தட்டச்சுப் பிழை இல்லாமல் வர வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். பிழை இல்லாமல் வந்தது.

புது ஆள் வரும்வரை பவுடர் போடுவது நான்.

ஏப்ரல் 27, திங்கள்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் 0.00. வெள்ளிக்கிழமையிலிருந்து திருமூர்த்தி இல்லை. வேலையாட்கள் யாரும் குளத்தின் பத்தடிக்குள் வருவதில்லை. குளிக்கிறவன் குளோரினைத் தின்கிறான் என்றால், மூன்று நாளாகத் தின்பது யார்? செயலாளரிடம் போனில் கேட்டேன். "டைம் எடுக்கும்மா, பவுடர் போட்டுட்டே இருங்க," என்றார். போட்டேன். விரல் இடுக்குகளில் எரிகிறது.

மத்தியானம் பொருள் இருப்பு சரிபார்த்தேன். திருமூர்த்தி திருப்பிக் கொடுத்த சீருடை அலமாரியில் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் சீருடையைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்பது கம்பெனி விதி. கறை இருந்தால் எழுதி வைக்க வேண்டும். விரித்துப் பார்த்தேன். கருநீலச் சட்டை. மார்புக்கு மேலே கருநீலம்; கீழே சோற்றுத் தண்ணீர் நிறம். பேன்ட் முழுக்க வெள்ளை. ஜனவரியில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புதுச் சீருடை. மார்புக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு. அவர் நின்ற தண்ணீரின் மட்டம் அது.

பூஜ்ஜியம் குளோரின் துணியை வெளுக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டதாகப் பதினாறாம் தேதி எழுதியிருக்கிறேன். போடவில்லை. என் மேசையின் கீழ் டிராயரில்தான் இருந்தது. ஏன் போடாமல் வைத்தேன் என்பதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. எடுத்துப் போய்ச் சொட்டு விட்டேன். செங்கல் நிறம். அன்று வந்ததைவிடக் கறுப்பாக.

பிறகு குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் அது மாத்திரையின் நிறத்தையே வெளுத்துவிடும். ரோஸ் ஒரு கணம் தோன்றி மறையும். கருவி பூஜ்ஜியம் அல்லது மிகக் குறைவாகக் காட்டும். அப்படி ஆனால் குளோரின் இல்லாத நீரைக் கலந்து, நீர்க்கச் செய்து மறுபடி அளக்கவும். நான்கே வரி. ஒரு நொடி ரோஸ். அவர் அதே வார்த்தையில்தான் சொன்னார்.

கேன் தண்ணீர் ஒன்பது பங்கு, குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு. மாத்திரை போட்டேன். ரோஸ் வந்தது. நின்றது. 2.30. பத்தால் பெருக்க வேண்டும்.

இருபத்து மூன்று.

பதினொரு நாளாக, இருக்க வேண்டிய அளவைப்போல ஏழெட்டு மடங்கு குளோரினில் குழந்தைகளை இறக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் கையைத் தேய்த்தது குளிப்பதற்கில்லை. அரித்தது.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலையில் குளத்தைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன். செயலாளரிடம் நேராகச் சொன்னேன். முகம் வெளிறியது. வெளியே பராமரிப்பு என்று போடு, யாரிடமும் சொல்லாதே, வெயிலில் தானாக இறங்கிவிடும்தானே என்றார். இறங்கும், திருமூர்த்தி விஷயம் என்ன ஆகும் என்று கேட்டேன். அது முடிந்துபோன விஷயம் என்றார்.

மாலை கீரணத்தம் போனேன். வரிசையாக ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. திருமூர்த்தி வாசலில் நின்றே பேசினார். உள்ளே கூப்பிடவில்லை. கையில் தோல் உரிந்து கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: ஒன்பதாம் பக்கம், இருபத்து மூன்று, சீருடைக் கோடு. அவர் ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கு நீங்க அந்த ரூமுக்குள்ளதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"கண்ணு எரிஞ்சுட்டே இருந்துதுங்க. சரியாத் தெரியல. வேற ஆராச்சும் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

ஒன்பது பேர் கமிட்டி. பத்தாவது நான். புதன்கிழமை "ஏற்பாடு" என்று எழுதியிருக்கிறேனே, அந்த ஏற்பாடு நான் செய்தது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு, இறங்கித் தேய்த்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். பிரஷ் கேமராவில் தெரியவில்லை, தண்ணீருக்குள் இருந்தது. அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். வாய் திறக்கவில்லை. ஜூனில் என்னை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் சொன்னார்: குரும்பபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடம், அங்கே நீச்சல்குளத்துக்கு ஆள் வேண்டும், இவரைப் பிடித்திருந்தது, வரச் சொல்வதாக இருந்தார்கள். "அந்த ஸ்கூல் மேனேஜரு உங்க பி பிளாக்குலதான் குடியிருக்கறாருங்க. குரூப்புல அந்தப் படத்தப் பாத்திருக்கறாரு. குளத்துல எறங்கிக் குளிக்கற ஆளு வேண்டாம்னுட்டாரு." பிறகு சொன்னார்: "வேலைக்குத்தான் எறங்குனேன்னு அதே குரூப்புலயே போடச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பழைய வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. அந்தக் குளத்தில் இனி கால் வைக்க மாட்டாராம்.

ஏப்ரல் 29, புதன்

குளம் மூடியதால் பெற்றோர் கொதித்தார்கள். மாலை ஆறு மணிக்கு அவசரக் கூட்டம். முப்பது பேர் வந்தார்கள். கோகுலகிருஷ்ணன் "சிறு பராமரிப்பு" என்று ஆரம்பித்தார். நான் மேசையில் இரண்டு குப்பியை வைத்தேன்.

முதல் குப்பியில் குளத்துத் தண்ணீர் அப்படியே. மாத்திரை போட்டேன். ஒரு நொடி ரோஸ், உடனே வெளுத்தது. கருவியில் 0.00. இதுதான் நீங்கள் தினமும் பார்த்த எண் என்றேன். இரண்டாவதில் பத்தில் ஒரு பங்கு கலந்தது. ரோஸ் நின்றது. 1.71. பதினேழு என்றேன், இரண்டு நாள் வெயிலில் இறங்கியதற்குப் பிறகு. சீருடையை விரித்துக் காட்டினேன்.

செயலாளர் முந்திக்கொண்டார். "சரி, மெஷின் கோளாறுன்னு மினிட்ஸ்ல போட்டுக்கலாம்."

"மெஷின் சரியாத்தான் சார் இருக்கு. என்ன பண்ணணும்னு அதுல எழுதியிருந்துது. நான் படிக்கல. இருபத்திரண்டாம் தேதி திருமூர்த்தியைப் படிக்கட்டு தேய்க்க இறங்கச் சொன்னதும் நான்தான்."

ஷர்மிளா மேடம் எழுந்தார். "அன்னைக்கு இதே ரூம்ல உக்காந்துட்டுத்தான இருந்த? அப்ப ஏன் சொல்லல?"

"வேலை போயிரும்னு."

"எம் பையன் கண்ணு போயிருந்தா?"

அவர் என்னைத் திட்டியது ஒன்றும் அதிகமில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். முக்கால் மணி நேரம் குழந்தைகளின் கண், தோல், முடி, நீச்சல் உடுப்பு, ஈடு செய்வது யார் என்று பேசினார்கள். அதே தண்ணீரில் ஒரு மணி நேரம் மார்பளவு நின்றவனைப் பற்றி முப்பது பேரில் ஒருவர் கேட்கவில்லை. நானாகக் கேட்டேன்: அவர் குளிக்கவில்லை என்று குழுவில் போடுவீர்களா? செயலாளர் குரலைத் தாழ்த்தி, மனிதாபிமான அடிப்படையில் வேண்டுமானால் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். எழுதித் தரச் சொன்னால் மட்டும் முடியாது. கமிட்டி தப்புச் செய்ததாக ஆகிவிடுமாம். பழசைக் கிளற வேண்டாமாம். ஐந்து நாள் ஆகியிருக்கிறது, அதற்குள் பழசு.

ஏப்ரல் 30, வியாழன்

மேனேஜர் போன். நாளையோடு இங்கே முடிகிறது. திருப்பூர் குடோனுக்கு மாற்றம், விருப்பமில்லை என்றால் கிளம்பலாம். அதுவரை குளத்தின் அளவைத் தவிர குழுவில் ஒரு எழுத்தும் போடக் கூடாது.

இன்று கலந்து அளந்ததில் 9.

மே 1, வெள்ளி

மே தினம். விடிந்ததுமே வேலையாட்களை வரிசையில் நிறுத்தி இனிப்புப் பெட்டி கொடுத்துப் படம் எடுத்தார்கள். என்னையும் நிற்கச் சொன்னார்கள். அளக்கப் போக வேண்டும் என்று வந்துவிட்டேன்.

குப்பியை மூன்று முறை அலசினேன். துடைத்தேன். பூஜ்ஜியம் வைத்தேன். மாத்திரை. ரோஸ் நின்றது. சந்தேகத்துக்குக் கலந்தும் பார்த்தேன். சரியாக இருந்தது. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டேன். குளத்தின் அளவுதான் போட்டேன்:

"இன்றைய அளவு. குளோரின் 3.6. நாளை திறக்கலாம்.
ஏப்ரல் 16 முதல் 27 வரை 0.00 என்று போட்டது தவறு. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் இருந்தது. தவறு என்னுடையது.
ஏப்ரல் 22 மதியம் 12.30 முதல் 1.30 வரை குளத்தில் இருந்தவர் திருமூர்த்தி. படிக்கட்டு தேய்க்க இறங்கினார். குளிக்கவில்லை. இறங்கச் சொன்னவள் நான். மோகனப்பிரியா, மேற்பார்வையாளர்."

நான்கு நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் நூற்று முப்பத்தெட்டு பேர் பார்த்திருந்தார்கள். திரையைப் படம் எடுத்து திருமூர்த்திக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

கிளப் ஹவுஸ் சுவரில் அந்த அறிவிப்பு அப்படியே இருக்கிறது. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கிழித்தேன். திருட்டுத்தனமாக இல்லை, கேமராவைப் பார்த்துக்கொண்டே கிழித்தேன்.

மே 2, சனி

அலுவலக மேசையைக் காலி செய்து பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது திருமூர்த்தியிடமிருந்து குரல் பதிவு வந்தது. பன்னிரண்டு நொடி.

"ஸ்கூல்ல திங்கக்கெழமை வரச் சொல்லியிருக்கறாங்க. என்ற பொட்டி உங்க டிராயருலதான கெடக்குது, அத எடுத்து வாசல் செக்யூரிட்டிகிட்டக் குடுத்துட்டுப் போயிருங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

குப்பையில் போட்டுவிட்டேன் என்றுதான் அவரிடமும் சொல்லியிருந்தேன்.

குழாயில் செங்கல் கறை பிடித்திருந்தது. தேய்த்துக் கழுவினேன். காயவைத்தேன். இரண்டு மருந்துப் பாட்டிலின் மூடியையும் இறுக்கி, பெட்டியில் அவர் வைக்கிற மாதிரியே வைத்தேன். ஒரு சீட்டு எழுதி உள்ளே வைக்கலாமா என்று நினைத்தேன். அவர் பெட்டியைத்தான் கேட்டிருக்கிறார். செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.